மூன்றாவது சேகண்டி

ரியோட்சு
1982 ஏப்ரல் 6

அன்புள்ள ருமிக்கு,

டோக்கியோவில் செர்ரிப் பூக்கள் உதிரத் தொடங்கியிருக்கும். இந்தத் தீவில் இன்னும் மொட்டுகூட விடவில்லை. துறைமுகத்துக் காற்று காதை அறுக்கிறது. உன் தொண்டை எப்படி இருக்கிறது? ஒலிப்பதிவு முடிந்ததும் குளிர்ந்ததைக் குடிக்காதே. நாங்கள் மூவரும் நலம். ஷிஹோ இரண்டாம் வகுப்புக்குப் போகிறாள். உன் அத்தான் டாக்சி இருக்கைகளுக்குப் புது உறை தைத்துப் போட்டிருக்கிறார்.

நேற்று விடுதிச் சமையலறையில் முள்ளங்கி சீவிக்கொண்டிருந்தேன். வானொலியில் உன் பெயரைச் சொன்னார்கள். நாகிசே ருமி பாடிய புதிய பாடல், "மூன்றாவது சேகண்டி" என்றார்கள். சமையல்காரர் எனக்காகச் சத்தத்தைக் கூட்டி வைத்தார். முதல் சரணம் வரை எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இரண்டாவதில் ஒரு பெண் பெட்டியோடு கப்பல் துறைக்கு வருகிறாள். கப்பல் புறப்படப் போவதைச் சொல்லி மூன்று முறை சேகண்டி அடிக்கிறார்கள், மூன்றாவதோடு கப்பல் கிளம்பிவிடும். அவள் கோட்டுப் பையில் கை விடுகிறாள். அங்கே குழந்தையின் ஒற்றைக் கையுறை இருக்கிறது. அவள் ஏறவில்லை.

கத்தி விரலில் பட்டுவிட்டது. பெரிய காயமில்லை.

ருமி, அந்தக் கையுறையைப் பற்றி நான் உலகத்தில் யாரிடமும் சொன்னதில்லை. நான்கு வருஷத்துக்கு முன் உனக்கு ஒரே ஒரு கடிதத்தில் எழுதினேன். அது உன்னிடம் இருக்கிறதா? இருந்தால் எரித்துவிடு. எரித்துவிட்டேன் என்று ஒரு வரி எழுது. தொலைபேசி வேண்டாம், அது கூடத்தில் இருக்கிறது. கடிதத்தை விடுதி முகவரிக்கே அனுப்பு.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா ஹத்சுயே

*

டோக்கியோ
மே 2

அன்புள்ள அக்கா,

பதில் எழுதத் தாமதமானதற்கு மன்னித்துக்கொள். நலமாக இருக்கிறேன். தொண்டையும் நலம். விரல் ஆறிவிட்டதா?

ஒரு நல்ல செய்தி. பாட்டு மூன்று வாரமாக முதலிடத்தில் இருக்கிறது. என் பாட்டுகளில் மக்களுக்கு மிகவும் பிடித்த பத்தைத் தேர்ந்து ஒரே இசைத்தட்டாகப் போடப் போகிறார்கள். எந்தப் பத்து என்பதை ரசிகர்களே அஞ்சலட்டையில் எழுதி அனுப்ப வேண்டும். "நீல ரிப்பன்" நிச்சயம் இருக்கும். "செவ்வாய்க்கிழமை வராதே" பாட்டுக்கு ஆண்கள் மட்டும் எழுதுகிறார்களாம். இலையுதிர் காலத்தில் அந்தப் பத்துப் பாட்டோடு ஊர் ஊராகக் கச்சேரி. நவம்பரில் நீகாதாவுக்கும் வருவேன். எத்தனை வருஷத்துக்குப் பிறகு உங்கள் பக்கம் வருகிறேன் பார்.

பாட்டெழுதிய முராகோஷி ஐயா பெரிய மனிதர். குழந்தையின் கையுறை எந்தத் தாயின் பையிலும் இருக்கக்கூடியதுதானே, அக்கா.

அத்தானுக்கு ஒரு ஒலிநாடா அனுப்பியிருக்கிறேன், கையெழுத்துப் போட்டு. ஷிஹோவுக்கு மிட்டாய்.

ருமி

*

ரியோட்சு
மே 20

அன்புள்ள ருமிக்கு,

கரையோரப் பாறைகளில் மஞ்சள் லில்லி பூக்கத் தொடங்கிவிட்டது. எல்லோரும் நலம். மிட்டாய் கிடைத்தது. ஷிஹோ டப்பாவைக்கூடத் தரமாட்டேன் என்கிறாள்.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நான் கேட்டதற்குப் பதில் அதில் இல்லை.

ஒலிநாடாவை உன் அத்தான் டாக்சியில் போட்டுவிட்டார். காலையிலிருந்து அதேதான் ஓடுகிறது. பாட்டில் ஒரு தீவுத் துறை வருகிறதே, அதனால் கப்பலிலிருந்து இறங்குகிற சுற்றுலாக்காரர்கள், அந்தப் பெண் நின்ற இடம் எது என்று கேட்கிறார்களாம். இவரே ஒரு இடத்தைத் தீர்மானித்து, இரண்டாம் துறையின் படியருகே கொண்டுபோய் நிறுத்திக் காட்டுகிறார். "பாடுறது யாருன்னு நெனச்சீங்க? என் மச்சினிச்சிதான்" என்று ஒருவரிடம் விடாமல் சொல்கிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை என்னையும் ஷிஹோவையும் ஏற்றிக்கொண்டு போனார். பாட்டு இரண்டாம் சரணத்துக்கு வந்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இவர் சொன்னார்: "எல்லாரும் அந்தப் பொம்பளைக்காக அழுறாங்க. வீட்ல ஒருத்தன் இருந்திருப்பானே. அவன்தான் பாவம்."

நான் ஜன்னலை இறக்கிவிட்டேன். அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தாரா என்று தெரியவில்லை. வண்டியில் தலை சுற்றுகிறது என்று சொல்லிச் சமாளித்தேன்.

அவர் காட்டுகிற படிதான் அந்தப் படி, ருமி. தற்செயலாகச் சரியான இடத்தையே காட்டுகிறார்.

கடிதம் எங்கே?

அக்கா

*

சப்போரோ
ஜூன் 14
(மணிக்கூண்டுப் படம் போட்ட அஞ்சலட்டை)

அக்கா, நலமா? இங்கே இன்னும் குளிர். ஒரு நாளைக்கு இரண்டு மேடை. அஞ்சலட்டைகள் இருபதாயிரத்தைத் தாண்டிவிட்டன. "நீல ரிப்பன்" இரண்டாவது இடம். முதலிடம் எதுவென்று நீயே ஊகித்துக்கொள். ஊருக்குத் திரும்பியதும் விரிவாக எழுதுகிறேன். அத்தானுக்கும் ஷிஹோவுக்கும் என் அன்பு. ருமி

*

ரியோட்சு
ஜூலை 3

ருமி,

இங்கே மழைக்காலம். காயப்போட்ட கணவாய் மீன் காயவில்லை. விடுதியில் கூட்டம். நாங்கள் நலம்.

இனி உனக்கு மழையைப் பற்றி மட்டும் எழுதலாம் என்று இருக்கிறேன். அது பாட்டில் வந்தால் யாருக்கும் கஷ்டமில்லை.

ஹத்சுயே

*

டோக்கியோ
ஆகஸ்ட் 1

அக்கா,

வெயில் கொளுத்துகிறது. நீங்கள் எல்லோரும் நலம் என்றே நம்புகிறேன். இந்தக் கடிதத்தை நான்கு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இதையாவது அனுப்பிவிட வேண்டும்.

கடிதம் என்னிடம் இல்லை. முராகோஷி ஐயாவிடம் இருக்கிறது. நான்தான் கொடுத்தேன்.

போன வருஷம் எனக்கு இரண்டு பாட்டுகள் வரிசையாகத் தோற்றன. உனக்கு நான் சொல்லவில்லை. அடுத்ததும் தோற்றால் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டோம் என்று நிறுவனம் சொல்லிவிட்டது. முராகோஷி ஐயா என்னை உட்காரவைத்து, "உன் பாட்டுல எல்லாம் ரிப்பனும் ஐஸ்கிரீமும்தான் இருக்கு. நீ எதுக்காவது நெஜமா அழுதிருக்கியாம்மா?" என்று கேட்டார். நான் அழுதது உன் கடிதத்துக்குத்தான். அது எப்போதும் என் கைப்பையில் இருக்கும். தனியாக இருக்கும்போது எடுத்துப் படிப்பேன். என் அக்காவே இவ்வளவு தாங்கினாள் என்று நினைத்துக்கொள்வேன். எடுத்துக் கொடுத்துவிட்டேன். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பார் என்று நினைத்தேன். அவர் இரவல் வாங்கிக்கொள்கிறேன் என்றார். பாட்டு வந்த பிறகுதான் எனக்கே தெரியும், கையுறை வரைக்கும் எடுத்திருக்கிறார் என்று.

இதை நீ முதல் கடிதத்தில் கேட்டபோதே சொல்லியிருக்க வேண்டும். பயந்துவிட்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது. அஞ்சலட்டைகள் நாற்பத்தோராயிரம் வந்தன. பாதிக்கு மேல் அந்தப் பாட்டுக்கு. விளம்பரப் பிரிவுத் தலைவர் தெஜிமா, இசைத்தட்டோடு வரும் புத்தகத்தில் உன் கடிதத்தின் ஒரு பக்கத்தைப் படமாகப் போடலாம் என்கிறார். பெயர் இருக்காதாம். "நெஜக் கடிதம்னு தெரிஞ்சா ஜனங்க உருகிடுவாங்க" என்கிறார். நான் வேண்டாம் என்று கெஞ்சிக்கொண்டிருக்கிறேன். ஆனால் உன் கையெழுத்து, அக்கா. அத்தான் பார்த்தால் தெரிந்துகொள்ள மாட்டாரா?

ருமி

*

ரியோட்சு
ஆகஸ்ட் 19

ருமி,

நலம் விசாரிக்க நேரமில்லை. கவனமாகப் படி.

திங்கட்கிழமை பகல் கப்பலில் ஒரு வார இதழ்க்காரன் வந்து இறங்கியிருக்கிறான். துறைமுகத்தில் நின்றிருந்தவை ஏழு டாக்சிகள். இவருடைய வண்டியில்தான் ஏறியிருக்கிறான். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. இவர் வழக்கம்போல் மச்சினிச்சி என்று ஆரம்பித்திருக்கிறார். அவன் உடனே குறிப்பேட்டைத் திறந்துவிட்டானாம்.

இரவுச் சாப்பாட்டில் சொன்னார். நான் சோறு பரிமாறிக்கொண்டிருந்தேன்.

"அது கற்பனை இல்லையாம். யாரோ ஒரு பொம்பள எழுதின கடுதாசியாம். அந்த ஆளு சொல்றான். இந்த ஊருதானாம்."

நான் அடுத்த கரண்டிச் சோற்றை எடுத்தேன்.

"யாரா இருக்கும்? நாலஞ்சு வருஷத்துக்கு முன்னாடின்னான். மீன் சங்கத்துல கணக்கெழுதினாளே, அவளா? ருமிகிட்ட கேட்டுச் சொல்லேன்."

"அவளுக்கு எப்படித் தெரியும், அவ பாடுறவதானே" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. ஷிஹோ இன்னும் கொஞ்சம் மீன் கேட்டாள். நான் அவள் தட்டில் சோற்றை வைத்திருக்கிறேன். அவள் சிரித்தாள். அவரும் சிரித்தார்.

அந்த ஆள் எங்கள் விடுதியில்தான் தங்கியிருக்கிறான். காலையில் அவனுக்கு நானே மிசோ சூப் கொண்டுபோய் வைத்தேன். அலைத்தடுப்புச் சுவர் கட்ட வந்த அளவையாளர்கள் அந்த வருஷம் எங்கே தங்கினார்கள் என்று முதலாளியம்மாவிடம் கேட்டுக்கொண்டிருந்தான். அவர்களும் இதே விடுதியில்தான் தங்கினார்கள் என்று உனக்குத் தெரியும். நான் யாரோடு கப்பல் ஏறப் போனேனோ, அவரும்தான். அந்த மனிதரின் பெயரை நான் இன்றுவரை எழுதவில்லை, இப்போதும் எழுத மாட்டேன்.

எனக்குத் தூக்கம் போய்விட்டது. தெருவில் ஒரு பையன் அந்தப் பாட்டைச் சீட்டியடித்தால்கூட ஜன்னலைச் சாத்திவிடுகிறேன். கடிதத்தை எப்படியாவது வாங்கிவிடு.

ஹத்சுயே

*

டோக்கியோ
ஆகஸ்ட் 27
(விரைவு அஞ்சல்)

அக்கா,

கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். ஆறு பக்கமும் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்.

முராகோஷி ஐயாவின் வீட்டுக்கே போனேன். வாசலில் மண்டியிட்டேன். அவர் மேஜை இழுப்பறையைத் திறந்து எடுத்துக் கொடுத்துவிட்டார். "உங்க அக்காவை ஒரு ஆளா நான் நெனச்சே பார்க்கல, தப்புதான்" என்றார். தெஜிமாவிடம் நகல் இருந்தது. அது அச்சானால் எந்த மேடையிலும் ஏற மாட்டேன் என்று சொன்னேன். ஒரு மணி நேரம் கத்தினார். கடைசியில் என் எதிரிலேயே கிழித்துப் போட்டார். வேறு நகல் இல்லை என்று சத்தியம் செய்கிறார். நம்புவதா என்று தெரியவில்லை. அந்த வார இதழுக்கு யார் சொன்னது என்று கேட்டேன். அவர் தொலைபேசியை எடுத்து வேறு யாரிடமோ பேச ஆரம்பித்துவிட்டார்.

அடுத்த பாட்டை வேறொரு புதுப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார்கள். பரவாயில்லை.

நீ வேண்டாம் என்றால் கச்சேரியிலும் அதைப் பாடாமல் விட்டுவிடுகிறேன். என்ன ஆனாலும் ஆகட்டும். அத்தானிடம் மட்டும் எதையும் சொல்லிவிடாதே, அக்கா. இனி எந்த ஆதாரமும் இல்லை. சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது.

ருமி

*

ரியோட்சு
செப்டம்பர் 12

அன்புள்ள ருமிக்கு,

காலையும் மாலையும் குளிரத் தொடங்கிவிட்டது. நீ நலமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். கடிதம் வந்து சேர்ந்தது. நன்றி. எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பாய் என்று தெரிகிறது.

நான் அவரிடம் சொல்லிவிட்டேன்.

கோபப்படாதே. வார இதழ்க்காரன் ஊரைவிட்டுப் போய்விட்டான். ஆனால் இவர் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பெண்ணின் பெயரைச் சொல்லி, அவளாக இருக்குமா, இவளாக இருக்குமா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மீன் சங்கத்தில் கணக்கெழுதும் பெண்ணைப் பற்றி ஊரே பேச ஆரம்பித்துவிட்டது. போன வாரம் அவள் கடைத்தெருவில் தலை குனிந்து நடந்து போனதைப் பார்த்தேன். அவள் ஒரு தப்பும் செய்யாதவள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஷிஹோ பக்கத்து வீட்டுக்கு விளையாடப் போயிருந்தாள். இவர் வாசலில் வண்டி கழுவிக்கொண்டிருந்தார். நான் போய் நின்றேன். "அந்தப் பாட்டுல வர்றவ நான்தாங்க" என்றேன். ஏதோ வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். குழாயை மூடினார்.

எல்லாவற்றையும் சொன்னேன். அந்த மூன்று மாதத்தை, பெட்டியை, துறையை. எங்கும் அழவில்லை. அவர் நடுவில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"அன்னிக்கு என்ன கெழம?"

"புதன்."

"எனக்கு லீவு நாள்" என்றார். அதன் பிறகு துணியை எடுத்து மீதி வண்டியைத் துடைத்து முடித்தார். ஒரு இடம் விடாமல் துடைத்தார். ஏறி ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

டாக்சி நிறுவனத்தின் ஓய்வறையில் படுக்கிறார். காலையில் வந்து ஷிஹோவைப் பள்ளிக்குக் கூட்டிப்போகிறார். அவளிடம் பேசுகிறார். என்னிடம் குனிந்து வணக்கம் சொல்கிறார், வெளி ஆளிடம் சொல்வதுபோல.

பாட்டைப் பாடுவதா வேண்டாமா என்று என்னைக் கேட்காதே. எனக்கு இப்போது எதுவும் தெரியவில்லை.

அக்கா

*

ஒசாகா
அக்டோபர் 5

அக்கா,

நலமா? மூன்று கடிதம் போட்டுவிட்டேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. நேற்று பொறுக்க முடியாமல் போன் செய்தேன். ஷிஹோதான் எடுத்தாள். "அப்பா இன்னும் ஆபீஸ்லதான் தூங்குறார் சித்தி, அம்மா சாப்பிடவே மாட்டேங்கறா" என்றாள். பிறகு, "நீங்க எப்ப டிவியில வருவீங்க?" என்று கேட்டாள்.

மேடையில் அந்தப் பாட்டு வரும்போது எல்லோரும் கூடச் சேர்ந்து பாடுகிறார்கள். கைக்குட்டையை எடுத்துக்கொள்கிறார்கள். நான் இரண்டாம் சரணத்தில் கண்ணை மூடிக்கொள்கிறேன். உருகிப் பாடுகிறேன் என்று எழுதுகிறார்கள்.

ஒரு வரி போதும், அக்கா. சாப்பிட்டேன் என்று எழுது.

ருமி

*

ரியோட்சு
அக்டோபர் 17

ருமிக்கு,

உன் அத்தான் இஷிஸுகா யோஷிரோ எழுதுவது. நான் கடிதம் எழுதிப் பழக்கமில்லாதவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள். இங்கே சீமைப் பனிச்சைப் பழம் பறிக்கிற பருவம். ஒரு பெட்டி தனியாக அனுப்பியிருக்கிறேன். நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

நீ உன் அக்காவுக்கு எழுதியதை அவளே எனக்குக் காட்டினாள். அதனால் எழுதுகிறேன்.

நான்கு மாதம் அந்தப் பாட்டை வண்டியில் போட்டு ஓட்டினேன். அந்தப் புருஷன் பாவம் என்று ஏறினவர்களிடமெல்லாம் சொன்னேன். நான் என்னைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. இப்போது அதை நினைத்தால்தான் வெட்கமாக இருக்கிறது. மற்றதைவிட அதுதான்.

பாட்டில் மூன்று சரணம். கடல் வருகிறது, பனி வருகிறது, சேகண்டி அடிக்கிற கப்பல்காரன்கூட வருகிறான். வீட்டில் இருந்தவன் வரவில்லை. உன்னைக் குறை சொல்லவில்லை. கடிதத்தில் இல்லாததைப் பாட்டுக்காரர் எப்படி எழுதுவார்?

அன்று எனக்கு லீவு. நான் ஷிஹோவைக் குளிப்பாட்டித் தலை துவட்டி உட்காரவைத்தேன். உன் அக்கா வெளியே போயிருந்தாள், வந்ததும் குளிக்கட்டும் என்று தொட்டி நீரை இரண்டு முறை சூடாக்கினேன். இருட்டும்போது வந்தாள். கை ஐஸாக இருந்தது. பேருந்து தாமதமா என்று கேட்டேன். ஆமாம் என்றாள். நீர் சூடாக இருக்கிறது, போய்க் குளி என்றேன். இவ்வளவுதான் எனக்குத் தெரிந்த கதை. நான்கு வருஷமாக அது சாதாரண நாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நீகாதா கச்சேரிக்கு இரண்டு டிக்கெட் அனுப்பு. பாட்டை விட்டுவிடாதே. இத்தனை ஆயிரம் பேர் எழுதிக் கேட்டிருக்கிறார்கள். அது உன் தொழில்.

யோஷிரோ

*

ரியோட்சு
நவம்பர் 24

அன்புள்ள ருமிக்கு,

நேற்று முதல் பனி விழுந்தது. மலை உச்சி மட்டும் வெளுத்திருக்கிறது. கச்சேரிக் களைப்பு தீர்ந்ததா? ஷிஹோவுக்கு லேசான சளி. மற்றபடி நலம்.

ஞாயிற்றுக்கிழமை நானும் அவரும் கப்பலில் நீகாதாவுக்கு வந்தோம். அவர் திரும்பி வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது என்றாலும், இரண்டரை மணி நேரம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தது அன்றுதான். அதிகம் பேசவில்லை. அலைக்கு எனக்குக் குமட்டியபோது பையை விரித்துப் பிடித்தார்.

ஏழாவது வரிசையில் நல்ல இடம் கொடுத்திருந்தாய். பத்தாவது பாட்டிலிருந்து ஒவ்வொன்றாக மேலே ஏறி வந்தாய். "செவ்வாய்க்கிழமை வராதே" பாட்டுக்கு ஆண்கள் எல்லாம் எழுந்து ஆடினார்கள். இவரும் காலால் தாளம் போட்டார். "நீல ரிப்பன்" வந்தபோது நான் அழுதேன். உன் பதினேழாவது வயதுக் குரல் அப்படியே இருந்தது. எவ்வளவு பெரிய பாடகியாகிவிட்டாய் என்று அன்றுதான் புரிந்தது. அதை நான் உன்னிடம் இதுவரை சொன்னதேயில்லை.

அதன் பிறகு விளக்கு மங்கியது. நீ வெள்ளை உடையில் தனியாக வந்து நின்றாய். என்ன பாட்டு என்று நீ பாடும் முன்பே கூட்டத்துக்குத் தெரிந்துவிட்டது. கைக்குட்டைகள் வெளியே வந்தன.

அவர் எழுந்தார். "நீ இரு, கேட்டுட்டு வா" என்று என் காதருகே சொல்லிவிட்டுக் குனிந்தபடி வெளியே போனார்.

நீ முதல் வரியைப் பாடினாய். நான் உட்கார்ந்திருந்த பக்கம் பார்த்துத்தான் பாடினாய். எழுந்து போனால் நீ பார்ப்பாய் என்று எனக்குத் தெரியும். உன் வாழ்க்கையிலேயே பெரிய மேடை, பத்து வருஷத்துக்குப் பிறகு நம் பக்கம் வந்திருக்கிறாய். அதையெல்லாம் யோசித்தேன். இருந்தாலும் எழுந்துவிட்டேன். வரிசையில் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள்.

தாழ்வாரத்தில் ஒருவரும் இல்லை. அவர் காசு போட்டால் பானம் தரும் இயந்திரத்தின் பக்கத்தில் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். கையில் சூடான காபி டின் இருந்தது, திறக்கவில்லை.

"ஏன் வந்த? உன் தங்கச்சி பாடுறா."

"தெரியும்."

"உள்ள போ. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

"போகல" என்றேன்.

 அவர் டின்னைத் திறந்து என்னிடம் நீட்டினார். கதவுக்கு அந்தப்புறம் மூவாயிரம் பேர் உன்னோடு சேர்ந்து பாடுவது கேட்டது. சொற்கள் தெரியவில்லை, மெட்டு மட்டும் வந்தது. முடிகிற வரைக்கும் அப்படியே நின்றோம்.

கைதட்டல் எழுந்தபோது, "நல்லாத்தான் பாடுறா" என்றார்.

மேடையிலிருந்து இரண்டு காலி இருக்கைகளைப் பார்த்திருப்பாய். வருத்தப்பட்டிருந்தால் அது நியாயம்தான். ஆனால் மறுபடி அப்படி ஒரு நேரம் வந்தாலும் எழுந்துதான் போவேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசை. ஆகவில்லை. அவர் இன்னும் ஷிஹோவின் அறையில்தான் படுக்கிறார். எதையாவது கேட்க வாய் திறந்து, கேட்காமல் விட்டுவிடுகிறார். நான் கேட்கச் சொல்லி வற்புறுத்துவதில்லை. மீன் சங்கத்துப் பெண்ணிடம் நானே போய் நடந்ததைச் சொன்னேன். ஊர் இப்போது என்னைப் பார்க்கிறது. பார்க்கட்டும்.

இன்று காலை வேலைக்குக் கிளம்பும்போது, வாசலில் குனிந்து காலணி மாட்டிக்கொண்டே, "சாயங்காலம் என்ன சமைக்கிற?" என்று கேட்டார். செப்டம்பரிலிருந்து அந்தக் கேள்வியை அவர் கேட்கவில்லை.

மீனும் முள்ளங்கியும் என்றேன்.

"அப்ப சீக்கிரம் வந்துடறேன்" என்றார்.

முள்ளங்கியை இப்போதே அடுப்பில் வைத்தால்தான் நன்றாக ஊறும். இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். கழுத்தைச் சுற்றித் துணி கட்டிக்கொள், ருமி.

அக்கா ஹத்சுயே